இறங்கும்போது கிழிவது

இறம்பொடை நீர்வீழ்ச்சியைப் பார்க்க வருகிறவர்களுக்கு ஏறும்போதுதான் மூச்சு வாங்கும். நின்று நின்று, இடுப்பில் கை வைத்து, போத்தல் தண்ணீரைக் குடித்துக் குடித்து ஏறுவார்கள். இறங்கும்போது பேச்சும் சிரிப்புமாக வருவார்கள். ஊர் திரும்பி மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ தொடையின் முன்பக்கம் இறுகி வலிக்கும்போது, “அந்த ஏற்றம் ஆளைக் கொன்றுவிட்டது” என்பார்கள். உண்மையில் அந்த வலியில் பெரும்பங்கு இறக்கத்தினுடையது.

எங்கள் மலைப்பக்கத்தில் ஏற்றத்தையும் இறக்கத்தையும் யாரும் தனியாக எண்ணிப் பார்ப்பதில்லை. லயத்திலிருந்து பெரட்டுக்கும் கொழுந்து மடுவத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் எங்கே போனாலும் ஒரு வழி ஏற்றம், மறு வழி இறக்கம். ஆனால் தசைக்கு இவை இரண்டும் ஒன்றல்ல. ஏறும்போது தொடையின் முன்தசை சுருங்கிக் குறுகி உடலை மேலே தூக்குகிறது. இறங்கும்போது முழங்கால் மடிகிறது, உடலின் பாரம் அதே தசையை நீட்டப் பார்க்கிறது, தசையோ கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்தபடி தடுத்து நிற்கிறது. அது தடுக்காவிட்டால் ஒவ்வொரு படியிலும் நாம் பொத்தென்று விழுவோம். நீண்டுகொண்டே விசை கொடுக்கும் இந்த வேலையை நீட்சிச் சுருக்கம் என்று அழைப்போம்.

இதில் ஒரு விநோதம் உண்டு. 1952இல் இங்கிலாந்தில் அபொட், பிரெண்டா பிக்லண்ட், ரிச்சி என்ற மூன்று உடலியல் ஆய்வாளர்கள் இரண்டு சைக்கிள்களை முதுகுக்கு முதுகாக வைத்து ஒரே சங்கிலியால் பிணைத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிக்க, மற்றவர் தன் பக்கம் பின்னோக்கிச் சுழலும் மிதிகளைத் தடுத்துப் பிடிக்க வேண்டும். விசை இருவருக்கும் சமம். மிதிப்பவர் களைத்து வியர்க்க, தடுப்பவர் சிரமமில்லாமல் உட்கார்ந்திருந்தார். அவர் செலவழித்த ஒட்சிசன் மிகக் குறைவு. நீட்சிச் சுருக்கத்தின்போது தசை மிகச் சில நார்களையே வேலைக்கு அழைக்கிறது என்பதே இதற்கு விளக்கம். இருதயத்துக்கு அது இலாபம். வேலைக்கு வந்த அந்தச் சில நார்களுக்கோ ஆளுக்கு விழும் பாரம் கூடிப்போகிறது. அதனால்தான் இறங்கும்போது களைப்புத் தெரிவதில்லை, தசைநார்கள் மட்டும் அடிபடுகின்றன. பழகாத வேலைக்குப் பின் இரண்டாம் நாள் வரும் வலிக்குத் தசைக்குள் ஏற்படும் நுண்ணிய கிழிசல்களே காரணம் என்று அமெரிக்கரான தியடோர் ஹஃப் 1902இலேயே எழுதியிருந்தார்.

ஆரோக்கியமான தசைக்கு இது பெரிய சேதமல்ல. கிழிசல் சில நாட்களில் ஆறும். அடுத்த முறை அதே இறக்கம் அவ்வளவாக வலிக்காது. தினமும் மலையிறங்கும் நம் ஆட்களுக்குத் தொடை வலிக்காததன் காரணம் இதுதான். ஆனால் சில பிள்ளைகளின் தசைக்கு இந்தத் தாங்கும் திறன் பிறவியிலேயே கிடைப்பதில்லை.

அப்படியான ஆண்பிள்ளை பிறக்கும்போது எந்தக் குறையும் தெரியாது. நடக்கக் கொஞ்சம் பிந்தலாம். மூன்று நான்கு வயதில் அடிக்கடி விழுவான். ஓடத் தெரியாது, குதிக்க வராது. குதிக்கால் நிலத்தில் படாமல் நுனிக்காலில் நடப்பான். தரையிலிருந்து எழும்பும்போது நேராக எழும்ப முடியாமல், கைகளை முழங்காலிலும் தொடையிலும் ஊன்றித் தன் உடம்பின் மேலேயே ஏறுவதுபோல எழும்புவான். 1879இல் இதை விவரித்த வில்லியம் கவர்ஸின் பெயரால் வைத்தியர்கள் இதைக் கவர்ஸ் குறி என்கிறார்கள். கெண்டைக்கால் மட்டும் உருண்டு திரண்டு பருத்திருக்கும். “கால் எவ்வளவு கெட்டியா இருக்கு, சோம்பேறித்தனந்தான்” என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வது அந்தக் காலைப் பார்த்துத்தான். அந்தப் பருமனில் பெரும்பகுதி கொழுப்பும் தழும்புமாக இருக்கும். சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலும் பன்னிரண்டு வயதையொட்டி நடை நின்றுபோகும். பிறகு மூச்சுத் தசைகளும் இருதயமும் பாதிக்கப்படும். டுஷேன் தசைச்சிதைவு நோய் என்பது இதன் பெயர். உலகெங்கும் ஏறத்தாழ 3,500 முதல் 5,000 ஆண்குழந்தைகளில் ஒருவருக்கு இது வருகிறது. இனமும் மொழியும் ஊரும் பார்த்து வருவதில்லை.

என்ன குறைகிறது இந்தத் தசையில்? அதைப் புரிந்துகொள்ள ஒரு தசைநாரின் அமைப்பைப் பார்க்க வேண்டும். தசைநார் என்பது ஒரு தனிக் கலம். மற்றக் கலங்களோடு ஒப்பிட்டால் இராட்சத நீளம், பல சென்ரிமீற்றர் வரை போகலாம். அதன் உள்ளே அக்ரின், மயோசின் என்ற புரத இழைகள் ஒன்றையொன்று இழுத்துச் சறுக்குவதால்தான் சுருக்கம் நடக்கிறது. இந்தக் கலத்தைச் சுற்றியிருக்கும் கலமென்சவ்வோ ஒரு மில்லிமீற்றரின் இலட்சத்தில் ஒரு பங்குத் தடிப்புக்கூட இல்லாத கொழுப்புப் படலம். அதற்கு வெளியே லமினின், கொலாஜன் போன்ற புரதங்களால் பின்னப்பட்ட ஒரு வலிய உறை இருக்கிறது. அதைப் புறவுறை என்போம். உள்ளே இழுவிசை, வெளியே வலிய உறை, இரண்டுக்கும் நடுவே அந்த மெல்லிய படலம்.

மழைநாளில் கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பில் சுற்றும் படங்கை நினைத்துப் பாருங்கள். உள்ளே பருத்தித் துணி, நடுவே நனையாமலிருக்க மெல்லிய பொலித்தீன், வெளியே முரட்டுச் சாக்கு என்று மூன்று அடுக்கில் அதை ஒருவர் தைப்பதாக வைத்துக்கொள்வோம். நெருக்கமாகத் தையல் விழுந்திருந்தால், தேயிலை வாது மாட்டி இழுக்கும்போது மூன்று அடுக்கும் ஒன்றாக அசையும். இழுவை துணிக்கும் சாக்குக்கும் போய்ச் சேரும். தையல் பிரிந்துவிட்டால் சாக்கு ஒரு பக்கம் இழுபடும், துணி மறுபக்கம் நிற்கும், இரண்டுக்கும் நடுவில் அகப்பட்ட பொலித்தீன் கிழியும். பொலித்தீன் நல்ல பொலித்தீன்தான். தையல் இல்லாததே குற்றம்.

தசைநாரில் அந்தத் தையல் நூல் பல புரதங்களால் ஆனது. உட்பக்கத்தில் டிஸ்ட்ரோபின். அதன் ஒரு முனை அக்ரின் இழையைப் பிடித்திருக்கிறது, மறு முனை டிஸ்ட்ரோகிளைக்கன் என்ற புரதத்தைப் பிடித்திருக்கிறது. டிஸ்ட்ரோகிளைக்கன் மென்சவ்வை ஊடுருவி வெளியே வந்து, தன் மேலுள்ள சர்க்கரைச் சங்கிலிகளால் லமினினைப் பற்றுகிறது. இந்தப் பிணைப்புக்குத் துணையாகப் பக்கத்தில் சார்கோகிளைக்கன் என்ற புரதக் கூட்டமும் உண்டு. அமெரிக்காவின் அயோவாவில் கெவின் கேம்பெல்லும் சகாக்களும் 1990ஐ ஒட்டிய சில வருடங்களில் இந்த முழுத் தொகுதியையும் தசையிலிருந்து பிரித்தெடுத்து, யார் யாரைப் பிடித்திருக்கிறார் என்று காட்டினார்கள். இப்படி வேதித்தாக்கம் நடத்தாமல், கலத்தின் உருவத்தையும் பிடிப்பையும் காத்து நிற்கும் புரதங்களைக் கட்டமைப்புப் புரதங்கள் என்கிறோம்.

இந்தப் பக்கவாட்டுப் பிடிப்பு சவ்வைக் காப்பதோடு நிற்பதில்லை. தசையின் அசைவே அதைச் சார்ந்திருக்கிறது. தசைநார் தன் இரு முனைகளால்தான் எலும்பை இழுக்கிறது என்று பள்ளிக்கூடப் படம் காட்டும். 1983இல் சிபில் ஸ்ட்ரீட் என்ற ஆய்வாளர் ஒரு தவளைத் தசையின் ஒரு பாதியில் ஒரே ஒரு நாரை மட்டும் விட்டு மற்றவற்றை வெட்டி நீக்கினார். மறு பாதியில் அந்த நாரைச் சுற்றி அயல் நார்கள் அப்படியே இருந்தன. நார் சுருங்கியபோது விசையின் பெரும்பகுதி நாரின் பக்கங்கள் வழியாகவே அயலவற்றுக்குக் கடந்துபோனது. அதாவது ஒவ்வொரு தசைநாரும் தன் நீளம் முழுவதும் வெளியுறையைப் பற்றிக்கொண்டு இழுக்கிறது. ஒட்டிநிற்பது இல்லாமல் அசைவது இல்லை. டிஸ்ட்ரோபின் இல்லாத எலியின் தசையில் இந்தப் பக்கவாட்டு விசைக் கடத்தல் வெகுவாகக் குறைவதைப் பின்னர் வந்த ஆய்வுகள் அளந்து காட்டின.

இத்தனை வேலை செய்யும் டிஸ்ட்ரோபின், தசையிலுள்ள மொத்தப் புரதத்தில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்குதான். 3,685 அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட மூலக்கூறு அது. நடுப்பகுதியில் ஒரே மாதிரியான 24 மடிப்புகள் வரிசையாக இருக்கின்றன. அவை இழுவையில் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கின்றன.

இவ்வளவும் எப்படித் தெரியவந்தது என்ற கதை எனக்கு மிகவும் பிடித்தது. சரியான விடையை முதலில் கண்ணால் பார்த்தவர் ஒருவர், அதற்கான காரணத்தைக் கண்டவர்கள் 135 வருடங்கள் கழித்து வந்தவர்கள். லண்டன் வைத்தியர் எட்வர்ட் மெரியன் 1851 டிசம்பரில் ஒரு மருத்துவச் சங்கத்தில் இந்த நோயால் பாதிக்கப்பட்ட சகோதரர்களைப் பற்றிப் பேசினார். இறந்த பையனின் தசையை நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது நார்களைச் சுற்றியிருந்த சவ்வு உடைந்து அழிந்திருந்ததை அவர் பதிவு செய்தார். நரம்பும் முள்ளந்தண்டும் நன்றாகவே இருந்தன. நோய் தசையில்தான் என்றார். பாரிஸில் டுஷேன் அதற்குப் பத்து வருடங்களுக்குப் பின்னரே இந்த நோயை விவரித்தார். ஆனால் உயிரோடிருக்கும் பிள்ளையின் தசையிலிருந்து சிறு துணுக்கு எடுக்கும் ஊசி ஒன்றை அவர் செய்தார். அந்த முறை நிலைத்தது, நோய்க்கும் அவர் பெயரே நிலைத்தது.

1959இல் ஜப்பானில் செட்சுரோ எபாஷியும் சகாக்களும் தசைச்சிதைவு நோயாளிகளின் இரத்தத்தில் கிரியேட்டின் கைனேஸ் என்ற நொதியம் மிக அதிகமாக இருப்பதைக் கண்டார்கள். அது தசைக்குள்ளே இருக்க வேண்டிய பொருள். இரத்தத்துக்கு வருகிறதென்றால் எங்கோ ஒழுகுகிறது. 1975இல் மொக்ரி, எங்கல் என்ற இருவர் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் அந்த ஒழுகலின் வாயையே பார்த்தார்கள். மற்றபடி நன்றாக இருந்த நார்களிலும்கூட மென்சவ்வில் ஓட்டை இருந்தது. சவ்வு கிழிவது நோயின் முடிவில் வருவதல்ல, தொடக்கத்திலேயே இருப்பது என்று அவர்கள் வாதிட்டார்கள்.

ஆனால் எந்தப் பொருள் இல்லாததால் கிழிகிறது? அதைக் கண்டுபிடிக்க எதிர்த் திசையிலிருந்து வந்தார்கள். ஆண்பிள்ளைகளுக்கே வருவதால் குற்றம் எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருக்க வேண்டும் என்பது தெரியும். எக்ஸ் நிறமூர்த்தத்தின் ஒரு துண்டே இல்லாமல் பிறந்த ஒரு பையனின் டி.என்.ஏ.யை, மற்றவர்களின் டி.என்.ஏ.யோடு கலந்து, இரண்டிலும் பொதுவாக உள்ளதையெல்லாம் கழித்து, அவனிடம் இல்லாதது எது என்று பொஸ்டனில் லூயிஸ் குன்கெல் குழுவினர் தேடினார்கள். 1986இல் மரபணு அகப்பட்டது. 1987இல் எரிக் ஹொஃப்மன், ரொபர்ட் பிரௌன், குன்கெல் மூவரும் அந்த மரபணுவைக் கொண்டு புரதத்தைக் கண்டுபிடித்து டிஸ்ட்ரோபின் என்று பெயரிட்டார்கள். நோயுற்ற பிள்ளைகளின் தசையில் அது இல்லவே இல்லை. புரதம் என்னவென்றே தெரியாமல் மரபணுவை முதலில் பிடித்து அதிலிருந்து புரதத்துக்கு வந்த முதல் சில வெற்றிகளில் இது ஒன்று. அது இருக்கும் இடத்தைத் தேடியபோது, மெரியன் உடைந்து கிடக்கக் கண்ட அதே சவ்வின் உட்பக்கத்தில் இருந்தது.

இன்னும் ஒரு கேள்வி மீதமிருந்தது. டிஸ்ட்ரோபின் இல்லாத தசை சும்மா இருந்தாலும் அழியுமா, வேலை செய்வதால் அழிகிறதா? 1993இல் பெட்ரோஃபும் சகாக்களும் பென்சில்வேனியாவில் டிஸ்ட்ரோபின் இல்லாத எலிகளின் தசையை எடுத்து, ஆரோக்கியமான சவ்வைக் கடந்து போக முடியாத ஒரு சாயத்தில் ஊறவைத்து இயக்கினார்கள். சாயம் ஏறிய நார் கிழிந்த நார். நீளமாக்கியபடியே சுருங்க வைத்தபோது சாயமேறிய நார்கள் பெருகின. தசை எத்தனை தடவை சுருங்கியது என்பதோடு சேதம் பொருந்தவில்லை. ஒவ்வொரு சுருக்கத்திலும் சவ்வில் விழுந்த இழுவை எவ்வளவு என்பதோடுதான் பொருந்தியது. இதே வகை எலிகளைச் சரிவாக வைத்த ஓடுபட்டையில் கீழ்நோக்கி ஓடவிட்டபோதும் உடலுக்குள் செலுத்திய சாயம் தசைநார்களுக்குள் புகுந்தது. இறக்கம்தான் அங்கும் ஆளைக் காட்டிக்கொடுத்தது.

கிழிந்த பிறகு நடப்பது பல அடுக்கான துன்பம். வெளியிலிருந்து கல்சியம் உள்ளே பாய்கிறது. கல்சியம் கூடினால் தசைக்குள்ளேயே புரதங்களை அரிக்கும் நொதியங்கள் விழித்துக்கொள்ளும். நார் சாகும், அழற்சி வரும். நார்களின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் துணைக்கலங்கள் எழுந்து, பெருகி, புண்பட்ட இடத்துக்கு நகர்ந்து புதிய நாரைக் கட்டும். ஆனால் புதிய நாரிலும் டிஸ்ட்ரோபின் இல்லை, அதுவும் கிழியும். அந்தத் துணைக்கலங்களிலேயே டிஸ்ட்ரோபினுக்கு ஒரு வேலை உண்டு என்பதை 2015இல் கனடாவின் மைக்கேல் ருட்னிக்கி குழுவினர் காட்டினார்கள். எந்தப் பக்கம் ஒட்டியிருக்கிறோம், எந்தப் பக்கம் திரும்பிப் பிரிய வேண்டும் என்ற திசையறிவு அது இல்லாத கலத்துக்குக் குழம்பிப்போகிறது. ஆக, கிழிசலும் கூடுகிறது, ஆற்றும் கையும் தளர்கிறது. தசை இருந்த இடத்தில் கடைசியில் கொழுப்பும் தழும்பும் தங்குகின்றன. சவ்வோரம் இருந்து இரத்தக் குழாயை விரிக்கும் நைத்திரிக் ஒட்சைட்டைச் செய்யும் நொதியமும் டிஸ்ட்ரோபினைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. டிஸ்ட்ரோபின் போனால் அதுவும் இடம் பெயர்கிறது, உழைக்கும் தசைக்கு வேண்டிய இரத்தம் போதாமல் போகிறது. ஆகவே கிழிசல் மட்டுமே முழுக் கதை என்று சொன்னால் அது தவறு. ஆனால் கதை அங்கேதான் தொடங்குகிறது.

நூல் முழுதாக இல்லாமல் போவதற்கும் குட்டையாக இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. 1955இல் ஜேர்மனியரான பெக்கர் விவரித்த இன்னொரு தசைச்சிதைவு இதே மரபணுவில் வருவது, ஆனால் மிக மெதுவானது. மரபணுவின் எழுத்துகள் மூன்று மூன்றாகப் படிக்கப்படுகின்றன. அழிந்துபோன துண்டின் எழுத்தெண்ணிக்கை மூன்றால் மீதியின்றி வகுபட்டால், மிச்சமுள்ளது சரியாகவே படிக்கப்படும், நடுவில் கொஞ்சம் குறைந்தாலும் இரு முனையும் உள்ள புரதம் கிடைக்கும். வகுபடாவிட்டால் அதற்குப் பின் வரும் ஒவ்வொரு மூன்றும் பிசகி, புரதம் பாதியில் நின்று அழியும். 1990இல் பிரித்தானியாவில் விவரிக்கப்பட்ட ஒருவருக்கு டிஸ்ட்ரோபினில் 46 வீதம் இல்லை. இருந்தும் அவர் 61 வயதில் நடந்துகொண்டிருந்தார். இரு முனைப் பிடிப்பும் இருந்தால் நடுவில் பாதி குறைந்தாலும் தையல் நிற்கும் என்று அவருடைய உடல் சொன்னது.

இந்த மரபணு மனிதரில் உள்ள மிகப் பெரியவற்றில் ஒன்று. ஏறக்குறைய 22 இலட்சம் எழுத்துகள், அதை ஒரு தடவை நகலெடுக்கவே கலத்துக்குப் பதினாறு மணித்தியாலம் ஆகிறது. இவ்வளவு பெரிதாக இருப்பதால் பிழை விழும் வாய்ப்பும் அதிகம். இங்கே நான் ஒரு விடயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் ஊரில் இப்படியொரு பிள்ளை இருந்தால் பழி தாயின் மேல் விழுகிறது. அல்லது “சொந்தத்தில் கட்டினதால் வந்தது” என்கிறார்கள். மாமன் மகளைக் கட்டியதற்கும் டுஷேனுக்கும் சம்பந்தமே இல்லை. மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளில் தாயின் மரபணுவும் நன்றாகவே இருக்கிறது, பிழை புதிதாக விழுந்தது. மற்றவர்களில் தாய் தனக்குத் தெரியாமலே அதைச் சுமந்தவர். தன்னுடைய இரண்டு எக்ஸ் நிறமூர்த்தங்களில் எதைக் கொடுப்பது என்று எந்தத் தாயும் தேர்ந்தெடுப்பதில்லை.

உறவுத் திருமணத்தோடு தொடர்புள்ள தசைச்சிதைவுகள் வேறு. அவற்றில் பிழை தாய், தந்தை இருவரிடமிருந்தும் வர வேண்டும், ஆண் பெண் இருபாலாருக்கும் வரும். சார்கோகிளைக்கன்களில் பிழை வந்தால் தோளும் இடுப்பும் தளரும். லமினினின் ஒரு சங்கிலி இல்லாவிட்டால் பிறக்கும்போதே குழந்தை துவண்டிருக்கும். இது தையலின் வெளிப்புற முடிச்சு இல்லாத நிலை. டிஸ்ட்ரோகிளைக்கன் இருந்தும் அதன்மேல் சர்க்கரைச் சங்கிலி சரியாக ஏறாவிட்டாலும் லமினினைப் பிடிக்க முடியாது. ஜப்பானில் அதிகம் காணப்படும் ஃபுகுயாமா தசைச்சிதைவு அப்படிப்பட்டது. டிஸ்ஃபெர்லின் என்ற புரதத்தின் கதை சுவையானது. அது நூலே அல்ல, கிழிந்த பொலித்தீனை ஒட்டுப்போடுவது. 2003இல் கேம்பெல் குழுவினர் தனித் தசைநார்களின் சவ்வில் லேசர் ஒளியால் சின்னக் காயம் செய்து பார்த்தார்கள். சாதாரண நாரில் சாயம் சற்றுப் புகுந்து, ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிட்டது. டிஸ்ஃபெர்லின் இல்லாத நாரில் நிற்காமல் புகுந்துகொண்டே இருந்தது.

வெளிப்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் அந்த டிஸ்ட்ரோகிளைக்கனைக் கிருமிகளும் கண்டுவைத்திருக்கின்றன. ஆபிரிக்காவின் லாசா காய்ச்சல் வைரஸ் அதைப் பிடித்துத்தான் கலத்துக்குள் நுழைகிறது. தொழுநோய்ப் பக்டீரியா நரம்பை ஏன் குறிவைக்கிறது என்ற பழைய கேள்விக்கும் இங்கேதான் விடை கிடைத்தது. நரம்பைச் சுற்றியுள்ள கலங்களின் டிஸ்ட்ரோகிளைக்கனையும் லமினினையும் அது பற்றிக்கொள்கிறது என்று அனுர றம்புக்கனவும் சகாக்களும் 1997, 98 வருடங்களில் காட்டினார்கள். கலத்தைக் கட்டிவைத்த அதே பிடிமானம், வேண்டாத விருந்தாளிக்கும் பிடிமானமாகிறது.

இனி வீட்டுக்கு வருவோம். ஐந்து வயதுக்குள் ஒரு பையன் நான் மேலே சொன்னபடி எழும்பினால் செய்ய வேண்டிய முதல் பரிசோதனை எபாஷி கண்ட அதே கிரியேட்டின் கைனேஸ். சாதாரண இரத்தப் பரிசோதனைதான். டுஷேனில் அது வழமையைப்போல் ஐம்பது, நூறு மடங்குகூட இருக்கும். ஈரல் பரிசோதனையில் பார்க்கும் இரண்டு நொதியங்கள் தசையிலும் இருப்பதால் அவையும் கூடிக் காட்டும். அதைப் பார்த்துவிட்டுப் பிள்ளைக்கு ஈரல் நோய் என்று மாதக்கணக்கில் அலைகிற குடும்பங்கள் எல்லா நாட்டிலும் உண்டு. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நுவரெலியா வைத்தியசாலையிலிருந்து வழி பெரும்பாலும் பேராதனைக்குப் போகிறது. அங்கே சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது. மரபணுப் பரிசோதனையைக் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் 1983இல் தொடங்கிய மனித மரபியல் பிரிவு இந்நாட்டில் வளர்த்தெடுத்தது. தமிழ்நாட்டில் கோயம்புத்தூரில் பி. ஆர். லக்ஷ்மி நிறுவிய மையம் டுஷேன் குடும்பங்களுக்காகவே மரபணுப் பரிசோதனையும் ஆலோசனையும் நடத்திவருகிறது. சேலத்தில் வானவன் மாதேவி, இயல் இசை வல்லபி என்ற சகோதரிகள் தாங்களே தசைச்சிதைவோடு வாழ்ந்துகொண்டு, அதே நோயுள்ள மற்றவர்களுக்காக ஆதவ் அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். பெண்களுக்கும் தசைச்சிதைவின் சில வகைகள் வரும் என்பதைத் தமிழ்நாட்டில் பலர் அவர்கள் மூலம்தான் அறிந்தார்கள்.

பிரெட்னிசொலோன் போன்ற ஸ்டீரொய்ட் மருந்து நடக்கும் காலத்தைச் சில வருடங்கள் நீட்டுகிறது. விலை அதிகமில்லை. உடல் பருக்கும், எலும்பு மெலியும், ஆனாலும் வைத்தியரைக் கேளாமல் திடீரென்று நிறுத்தக் கூடாது. இரவில் மூச்சுக்கு உதவும் கருவியும் இருதயத்துக்கான மருந்துகளும் சேர்ந்தபோது, பதின்பருவத்தில் முடிந்துபோன ஆயுள் முப்பதுகளுக்கு நீண்டிருக்கிறது. சத்திரசிகிச்சைக்குப் போனால் மயக்க மருந்து கொடுப்பவரிடம் நோயின் பெயரை முதலில் சொல்ல வேண்டும். சக்சமெதோனியம் என்ற மருந்து இந்தப் பிள்ளைகளின் இருதயத்தை நிறுத்திவிடக் கூடும்.

உடற்பயிற்சியைப் பற்றிய சர்வதேச வழிகாட்டல்கள் மலைநாட்டுக்காரருக்கென்றே எழுதியதுபோல இருக்கும். அளவான அசைவு நல்லது, நீந்துவது மிக நல்லது. பாரம் தூக்குவதும் நீட்சிச் சுருக்கம் அதிகமுள்ள வேலைகளும் கூடாது. துள்ளிக் குதிப்பதும் படியிறங்குவதும் சரிவில் இறங்கி நடப்பதும் இந்த வகை. தோட்டத்துப் பிள்ளைக்கு அது பள்ளிக்கூடப் பாதை. அண்ணனோ மாமாவோ காலையில் அவனைத் தோளில் தூக்கி மேட்டில் ஏற்றிவிடுவார்கள். பின்னேரம் “இறக்கந்தானே, மெதுவா வந்திடுவான்” என்று விட்டுவிடுவார்கள். அன்பில் குறையில்லை, மூச்சு வாங்காததைப் பார்த்துச் சுலபம் என்று நினைக்கிறார்கள். ஆனால் அவனுடைய தொடைநார்களில் சவ்வு அதிகம் இழுபடுவது அந்தப் பின்னேர வழியில்தான். அவனைத் தூக்க வேண்டியது அப்போதும்தான். வகுப்பறையைக் கீழ்த்தளத்துக்கு மாற்றுவது ஒரு அதிபரின் ஒரு நாள் வேலை. ஆசிரியர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். டிஸ்ட்ரோபினின் சில குட்டை வடிவங்கள் மூளையிலும் இருக்கின்றன. இந்தப் பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வாசிப்பிலோ கவனத்திலோ சிரமம் இருப்பதற்குக் காரணம் அடத்தனம் அல்ல.

61 வயதில் நடந்த அந்த மனிதரின் உடல் சொன்னதை வைத்து ஒரு மருந்து வந்திருக்கிறது. டிஸ்ட்ரோபின் செய்யத் தேவையான செய்தி 11,000 எழுத்து. தசைக்குள் மரபணுவைக் கொண்டுபோகும், தானாக நோய் உண்டாக்காத வைரஸில் ஏறக்குறைய 4,700 எழுத்துக்குத்தான் இடமுண்டு. ஆகவே இரு முனைகளையும் சில மடிப்புகளையும் மட்டும் வைத்துக் குட்டை டிஸ்ட்ரோபின் ஒன்றை வடிவமைத்தார்கள். 2023 ஜூனில் அமெரிக்கா அதற்கு அனுமதி கொடுத்தது. அப்போது அதன் விலை ஒரு பிள்ளைக்கு 32 இலட்சம் டொலர். 2025இல், நடக்க முடியாத நிலைக்கு வந்துவிட்ட இரண்டு இளைஞர்கள் இந்தச் சிகிச்சைக்குப் பின் ஈரல் செயலிழந்து இறந்தார்கள், அப்படிப்பட்டவர்களுக்குக் கொடுப்பது நிறுத்தப்பட்டது. நடை ஓரளவு இருக்கும் பிள்ளைகளுக்கும் அது நோயை முழுதாகத் தடுப்பதில்லை. இதற்காக வீடு வாசலை விற்கத் துணியும் பெற்றோரிடம் இந்த உண்மை முழுவதையும் சொல்ல வேண்டும்.

அதைவிட அருகில் இருக்கும், செலவு குறைந்த ஒரு வேலை கவனிக்கப்படாமல் போகிறது. பிழையுள்ள மரபணுவைச் சுமக்கும் தாய்மார்களில் சிலருக்கு வயது ஏறும்போது இருதயத் தசை தளர்கிறது. கையும் காலும் நன்றாக இருப்பதால் யாரும் தேடிப் பார்ப்பதில்லை. மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை அவர்களுக்கு ஈ.சி.ஜி.யும் இருதய ஸ்கேனும் எடுக்க வேண்டும் என்று வழிகாட்டல்கள் சொல்கின்றன. பிள்ளையைக் கிளினிக்குக்குக் கூட்டிவரும் அம்மாவிடம், “உங்களுக்கு எப்போது பார்த்தார்கள்?” என்று கேட்க வேண்டும். அந்தப் பிழையைச் சுமக்கும், வயதுக்கு வந்த அக்காவுக்கும் தங்கைக்கும் இந்த இருதயப் பரிசோதனையைச் சொல்லிவைக்க வேண்டும்.